சிங்கத்தோல் போர்த்தியவர் யார்?

மாவீரன் அலெக்சாண்டரின் வெள்ளி நாணயத்தை முதன்முறை பார்ப்பவர்கள் அநேகமாக எல்லோரும், "இதோ அலெக்சாண்டர்!" என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்லக் காரணமும் இருக்கிறது. முன்பக்கத்தில் மீசை தாடி இல்லாத ஓர் இளைஞனின் தலை. பின்பக்கத்தில் கிரேக்க எழுத்தில் 'அலெக்சாந்த்ரூ' என்ற பெயர். வேறு யாராக இருக்க முடியும்?

நாணயத்தை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். இளைஞனின் நெற்றிக்கு மேல் ஒரு விலங்கின் மேல்தாடை தெரிகிறது. அதன் பின்னால் சுருள் சுருளாகப் பிடரி மயிர். கன்னத்தை ஒட்டிப் பற்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு முன்னங்கால்கள் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. அவன் தலையில் இருப்பது சிங்கத்தோல். கிரேக்கக் கதைகளில் சிங்கத்தோல் போர்த்தித் திரிந்தவர் ஹெராக்ளிஸ். ஹெர்குலிஸ் என்று நீங்கள் படித்திருப்பீர்களே, அவரேதான். எந்த ஆயுதமும் துளைக்காத நெமியா காட்டுச் சிங்கத்தைக் கழுத்தை நெரித்துக் கொன்று, அதன் நகத்தாலேயே தோலை உரித்துப் போர்த்திக்கொண்டார் என்பது கதை.

அப்படியானால் பெயர்? 'அலெக்சாந்த்ரூ' என்றால் 'அலெக்சாண்டருடைய' என்று பொருள். நாணயம் யாருடையது என்பதைத்தான் எழுத்து சொல்கிறது. படத்தில் இருப்பவர் யார் என்பதை அது சொல்லவில்லை.

இதை எப்படி உறுதி செய்வது? ஒரு நல்ல சான்று இருக்கிறது. அலெக்சாண்டர் பிறந்தது கி.மு. 356இல். அதற்கு முன்பே, கி.மு. 359 வரை மாசிடோனியாவை ஆண்டவர் மூன்றாம் பெர்டிக்காஸ். இவர் அலெக்சாண்டரின் பெரியப்பா. அவருடைய நாணயத்திலும் இதே சிங்கத்தோல் இளைஞன் இருக்கிறான்! பிறக்காத ஒருவரின் முகத்தை யாரும் நாணயத்தில் பொறித்திருக்க முடியாது. மாசிடோனிய அரசர்கள் தங்களை ஹெராக்ளிஸின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். அதனால் அந்த முன்னோரின் தலையைப் பரம்பரையாகப் பொறித்து வந்தார்கள். அலெக்சாண்டரும் அதையே தொடர்ந்தார். அவர் இறந்த பிறகு, இந்த முகம் அலெக்சாண்டருடையதுதான் என்று பழங்காலத்து மக்களே நினைக்கத் தொடங்கியிருக்கலாம். இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் 'அலெக்சாண்டர் கல்பேழை' என்று ஒன்று இருக்கிறது. சிடோன் நகரில் கிடைத்தது. அதில் குதிரைமேல் போரிடும் அலெக்சாண்டரின் தலையிலும் சிங்கத்தலை இருக்கிறது.

நாணயத்தில் இருப்பவரைக் கண்டுபிடிக்க முகம் அவ்வளவாக உதவாது. தலையில் என்ன, கையில் என்ன, பக்கத்தில் யார் என்று பார்க்க வேண்டும். அப்படிக் கிடைத்த விடையையும் உடனே நம்பிவிடாமல், இன்னொரு சான்று அதை ஆதரிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நாணயவியல் அறிஞர்கள் செய்வது இதைத்தான்.

ஆந்தையும் குதிரையும்

பழைய கிரேக்கம் ஒரே நாடாக இருக்கவில்லை. நூற்றுக்கணக்கான நகர அரசுகள் இருந்தன. அவற்றில் பல சொந்தமாக நாணயம் அடித்தன. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது ஏதென்ஸின் நான்கு டிராக்மா வெள்ளி நாணயம். எடை சுமார் 17.2 கிராம். நம் பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர், எடை 7.71 கிராம். ஏதென்ஸ் நாணயம் அகலத்தில் அதைவிடச் சற்றுச் சிறியது, ஆனால் எடை இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அளவுக்குத் தடிமன்! லாரியம் என்ற இடத்துச் சுரங்கங்களிலிருந்து அந்த வெள்ளி வந்தது.

முன்பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண். கிரேக்கத் தெய்வங்களில் கவசம் அணிந்த பெண் என்றால் ஏதீனா. அறிவுக்கும் போருக்கும் உரியவள். கவசத்தில் ஒலிவ இலைகள் இருக்கும். அவள் கண்ணைக் கவனியுங்கள். முகம் பக்கவாட்டில் இருக்கிறது, கண்ணோ நேராக நம்மைப் பார்ப்பதுபோல் வாதுமை வடிவில் இருக்கிறது. பழைய நாணயங்களில் இப்படி. பிற்காலத்தில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில், கண்ணும் பக்கவாட்டுக்கு மாறிவிட்டது. ஆகவே கண்ணைப் பார்த்தே நாணயத்தின் காலத்தை ஓரளவு கணிக்கலாம்.

பின்பக்கத்தில் ஆந்தை. கூடவே ஒலிவக் கிளை, சின்னப் பிறை நிலா, 'ஆல்ஃபா, தீட்டா, எப்சிலான்' என்ற மூன்று எழுத்துகள். ஏதென்ஸ் என்ற பெயரின் முதல் எழுத்துகள் அவை. மக்கள் இந்த நாணயத்தை 'ஆந்தை' என்றே அழைத்தார்கள். அது எந்த ஆந்தை? உருண்டைத் தலை, காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இறகுக் கொத்து இல்லை, சிறிய உடல், பெரிய கண்கள். எல்லாம் ஐரோப்பாவில் இன்றும் வாழும் சிற்றாந்தைக்குப் பொருந்துகின்றன. பறவையியலாளர்கள் அந்த இனத்துக்கு ஏதீனி என்றே பேரினப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மரப்பொந்துகளிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டுமே புள்ளி ஆந்தை, அதுவும் இதே பேரினம்தான். இன்றைய கிரேக்க நாட்டின் ஒரு யூரோ நாணயத்திலும் அந்தப் பழைய ஆந்தை நாணயத்தைத்தான் பொறித்திருக்கிறார்கள்.

சரி, ஏதீனாவைக் கண்டால் உடனே ஏதென்ஸ் என்று எழுதிவிடலாமா? கூடாது. கொரிந்து நகர நாணயத்திலும் ஏதீனா இருக்கிறாள். அங்கே அவள் அணிந்திருப்பது வேறு வகைக் கவசம். முகம் முழுவதையும் மூடும் அந்தக் கவசத்தைத் தலையின் பின்புறம் ஏற்றிவிட்டிருப்பாள். மறுபக்கத்தில் சிறகுள்ள குதிரை பெகாசஸ் பறக்கும். குதிரைக்கும் ஏதீனாவுக்கும் என்ன உறவு? பெல்லரோஃபோன் என்ற கொரிந்து வீரன் பெகாசஸை அடக்குவதற்குப் பொற்கடிவாளம் கொடுத்தவள் ஏதீனா என்று கதை சொல்கிறது. இப்போது இரண்டு பக்கமும் சேர்ந்து பேசுகின்றன.

ஆனால் அதுவும் போதாது! கொரிந்து மக்கள் குடியேறிய அம்பிராக்கியா, லியூகாஸ் போன்ற ஊர்களும் அதே குதிரை, அதே ஏதீனாவோடு நாணயம் அடித்தன. குதிரையின் வயிற்றுக்குக் கீழே உள்ள ஒற்றை எழுத்தில்தான் வேறுபாடு. ஒரு வட்டமும் அதன் கீழே ஒரு கோடும் இருந்தால் அது 'கொப்பா', கொரிந்தின் எழுத்து. 'ஆல்ஃபா' இருந்தால் அம்பிராக்கியா. 'லாம்டா' இருந்தால் லியூகாஸ். அந்த எழுத்து தேய்ந்துபோயிருந்தால் அறிஞர்களும் திணற வேண்டியதுதான்.

ஆமையின் ஓடும் பெருங்காயத்தின் உறவும்

எனக்கு மிகவும் பிடித்தவை விலங்குகளும் செடிகளும் உள்ள நாணயங்கள். அவற்றைப் பார்க்க உயிரியல் தெரிந்திருக்க வேண்டும்.

ஏஜினா என்ற தீவின் நாணயத்தில் ஆமை இருக்கும். தொடக்கக் கால நாணயங்களில் அந்த ஆமையின் கால்கள் துடுப்பு வடிவில் இருக்கின்றன. ஓடு வழவழப்பாக இருக்கிறது, முதுகின் நடுவே ஒரு வரிசைப் புள்ளிகள். இது கடலாமை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த நாணயங்களிலோ ஓடு கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கிறது, கால்கள் நடப்பதற்கு ஏற்றவையாக இருக்கின்றன. இது நில ஆமை! கடல் வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த ஏஜினாவை ஏதென்ஸ் தோற்கடித்தது அந்த நூற்றாண்டில்தான். கடலை இழந்ததால் கடலாமையும் போயிற்றா, அல்லது வேறு காரணமா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். காரணம் எதுவானாலும், ஆமையின் காலைப் பார்த்து நாணயத்தின் காலத்தைச் சொல்லிவிடலாம்.

சில நகரங்கள் தங்கள் பெயரையே படமாக வரைந்தன. கிரேக்கத்தில் 'ரோடான்' என்றால் ரோஜா. ரோட்ஸ் தீவின் நாணயத்தில் ஒரு பக்கம் ரோஜா, மறுபக்கம் சூரியக் கடவுள் ஹீலியஸின் முகம். பூவா தலையா போட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நாணயம் கிடையாது. 'ஃபோக்கே' என்றால் கடல்நாய். ஃபோக்கேயா நகர நாணயத்தில் கடல்நாய் நீந்துகிறது. 'சீடே' என்றால் மாதுளை. சீடே நகரத்துக்கு மாதுளம்பழம். எபேசஸ் நகரம் தேனீயைப் பொறித்தது. அது பெயர் விளையாட்டு இல்லை. அந்த ஊர்த் தெய்வமான ஆர்ட்டெமிஸுக்குத் தேனீ உரியது.

செடிகளில் பெரிய மர்மம் சில்ஃபியம். இன்றைய லிபியாவின் கடற்கரையில் சைரீன் என்ற கிரேக்க நகரம் இருந்தது. அதன் நாணயத்தில் தடித்த, வரிவரியான தண்டு. தண்டிலிருந்து இரு பக்கமும் இலைகள் பிரிகின்றன. உச்சியில் உருண்டை உருண்டையாகப் பூக்கொத்துகள். இந்தச் செடியின் பிசின் மருந்தாகவும் சமையலில் மணம் கூட்டவும் பயன்பட்டது. சைரீனின் செல்வமே இதனால் வந்ததுதான். பயிரிட்டு வளர்க்க முடியாமல் காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கியே தீர்த்துவிட்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானிய அறிஞர், தம் காலத்தில் ஒரே ஒரு தண்டுதான் கிடைத்தது, அதையும் நீரோ மன்னனுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று எழுதி வைத்தார்.

சில்ஃபியம் கிடைக்காமல் போனபோது ரோமானியர்கள் அதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? பெருங்காயத்தை! பெருங்காயம் ஃபெருலா என்ற பேரினச் செடிகளின் பிசின். நாணயத்தில் உள்ள தண்டும் பூக்கொத்தும் ஃபெருலா செடிகளை ஒத்திருப்பதால், சில்ஃபியமும் அந்தக் குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். 2021இல் மஹ்முத் மிஸ்கி என்ற துருக்கி ஆய்வாளர், துருக்கியில் வளரும் ஃபெருலா ட்ரூடியானா என்ற அரிய செடிதான் சில்ஃபியமாக இருக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். உயிருள்ள செடியோடு அவர் ஒப்பிட்டுப் பார்த்தது இந்த நாணயப் படங்களைத்தான். உலர்ந்த இலைகூட மிஞ்சாத ஒரு செடிக்கு, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நாணயங்கள் தாவரவியல் சான்றாக நிற்கின்றன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

சைரீன் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்த்துவிடுங்கள், பின்னால் தேவைப்படும். தாடி வைத்த ஆணின் தலை. காதைச் சுற்றி ஆட்டுக்கடாவின் கொம்பு சுருண்டிருக்கும். எகிப்தியக் கடவுளான அம்மோனைக் கிரேக்கர்கள் தங்கள் தலைமைக் கடவுளான ஜீயஸோடு இணைத்து வணங்கினார்கள். கடாக்கொம்பு அந்த அம்மோனின் அடையாளம்.

இந்தச் சின்னங்கள் தெரிந்தால் அலெக்சாண்டர் நாணயத்தின் பின்பக்கமும் உங்களுக்குத் திறந்துவிடும். அங்கே அரியணையில் ஜீயஸ் அமர்ந்திருக்கிறார், ஒரு கையில் கழுகு, மறு கையில் செங்கோல். இந்த நாணயத்தைப் பல ஊர்களில் அடித்தார்கள், அலெக்சாண்டர் கி.மு. 323இல் இறந்த பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அடித்தார்கள். எந்த ஊரில் அடித்தது என்று எப்படித் தெரியும்? ஜீயஸின் முன்னால் ஒரு குட்டிச் சின்னம் இருக்கும். தேனீ இருந்தால் எபேசஸ். ரோஜா இருந்தால் ரோட்ஸ். ஜீயஸின் கால்களும் துப்புக் கொடுக்கும். முந்தைய நாணயங்களில் இரு கால்களும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டி நேராக இருக்கும். பிந்தியவற்றில் ஒரு கால் மற்றதன் பின்னே ஒதுங்கியிருக்கும்.

கூந்தலுக்குள் டால்ஃபின்

சிசிலித் தீவில் உள்ள சிராக்கியூஸ் நகரின் நாணயங்களைக் கிரேக்க நாணயங்களிலேயே அழகின் உச்சம் என்று பலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஒரு பெண்ணின் தலை, அதைச் சுற்றி நான்கு டால்ஃபின்கள். கவசம் இல்லை, வில் இல்லை, கையில் எதுவும் தெரியவில்லை. இவள் யார்?

இங்கே ஓர் அச்சுக் கலைஞர் நமக்குக் கைகொடுத்தார். அவர் பெயர் கிமோன். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் செதுக்கிய நாணயம் ஒன்றில், அந்தப் பெண் நேராக நம்மைப் பார்க்கிறாள். விரிந்த கூந்தல் அலைகளினூடே டால்ஃபின்கள் புகுந்து நீந்துகின்றன. மேலே அவள் பெயர் எழுதியிருக்கிறது: அரேத்துசா. அவளுடைய தலைப்பட்டையில் மிகச் சிறிய எழுத்தில் கிமோன் தன் பெயரையும் செதுக்கியிருக்கிறார்! பெயரில்லாத மற்ற நாணயங்களுக்கும் இந்த ஒன்று திறவுகோல் ஆயிற்று.

அரேத்துசா ஒரு நீர்த்தேவதை. ஆல்ஃபியஸ் என்ற நதிக்கடவுள் துரத்த, கிரேக்கத்திலிருந்து கடலடியில் ஓடிவந்து, சிராக்கியூஸின் ஒர்ட்டீஜியா தீவில் நன்னீர் ஊற்றாக வெளிப்பட்டாள் என்பது கதை. அந்த ஊற்று இன்றும் இருக்கிறது. கடலுக்கு மிக அருகில். அதனால்தான் நாணயத்தில் நன்னீர்த் தேவதையைக் கடல் விலங்கான டால்ஃபின்கள் சூழ்ந்திருக்கின்றன. வரைபடமும் உருவப்படமும் ஒன்றாகிவிட்டன.

எவைனிட்டோஸ் என்ற இன்னொரு கலைஞர் அதே ஊரில் பத்து டிராக்மா நாணயத்துக்கு அச்சு செதுக்கினார். அது சுமார் 43 கிராம் எடையுள்ள வெள்ளி. அவர் செதுக்கிய பெண்ணின் கூந்தலில் நீண்ட இலைகள் செருகியிருக்கின்றன. அவை நீர்க்கரை நாணல் இலைகள் என்றால் அவள் அரேத்துசா. தானியப் பயிரின் இலைகள் என்றால் அவள் விளைச்சல் தெய்வத்தின் மகள் பெர்செஃபொனி. ஓர் இலையின் வடிவத்தை வைத்து நெடுங்காலமாக வாதம் நடக்கிறது.

சுத்தியல், விளக்கு, தராசு

இவ்வளவு நுணுக்கமான படத்தை எப்படிப் பதித்தார்கள்? வெண்கலத்திலோ இரும்பிலோ உருவத்தைக் குழிவாகவும் இடவலம் மாற்றியும் கையால் செதுக்குவார்கள். இதுதான் அச்சு. கீழ் அச்சைப் பட்டறைக்கல்லில் பதித்து, அதன்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேலே இன்னொரு அச்சைப் பிடித்துக்கொண்டு சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். வில்லை சற்று நகர்ந்தால் படத்தில் ஒரு பகுதி வெளியே போய்விடும். ஏதென்ஸ் நாணயங்கள் பலவற்றில் ஏதீனாவின் கவசத்து உச்சிக் கொண்டை காணாமல் போனது இதனால்தான். அச்சு பெரியது, வில்லை சிறியது. ஆகவே ஒரு சின்னம் தெரியவில்லை என்பதற்காக அது முதலிலேயே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஒவ்வோர் அச்சும் கையால் செதுக்கியது என்பதால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. வேறு வேறு நாடுகளில் கிடைத்த இரண்டு நாணயங்களில் முடிச்சுருள் ஒவ்வொன்றும் அப்படியே ஒத்துப்போனால், இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை. அடிக்க அடிக்க அச்சில் விரிசல் விழும். விரிசல் சிறிதாக உள்ள நாணயம் முந்தியது, பெரிதாக உள்ளது பிந்தியது. ஆண்டு எழுதாத நாணயங்களை இப்படி வரிசைப்படுத்துகிறார்கள்.

தேய்ந்த நாணயத்தில் மேடான இடங்கள்தான் முதலில் அழியும். நேராகப் பார்க்கும் முகத்தில் மூக்கு முதலில் போகும். மிச்சமிருக்கும் மெல்லிய மேடுபள்ளங்களைப் பார்க்க ஒரு வழி உண்டு, வீட்டிலேயே செய்து பாருங்கள். நன்றாகத் தேய்ந்த பழைய நாணயம் ஒன்றை எடுத்து, இருட்டறையில் மேசைமேல் வையுங்கள். டார்ச் விளக்கை மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது. விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் அடியுங்கள். சிறு மேட்டுக்கும் நீண்ட நிழல் விழும், மறைந்த எழுத்து எழுந்து வரும். விளக்கை ஒவ்வொரு பக்கமாக நகர்த்திப் பாருங்கள். ஆய்வகங்களில் பல திசைகளிலிருந்து ஒளி பாய்ச்சிப் படமெடுத்துக் கணினியில் இணைத்துப் பார்ப்பதும் இதே தத்துவத்தில்தான்.

போலி நாணயங்கள் அன்றும் உண்டு. செம்பு வில்லைமேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்துவிடுவார்கள். இதைத் தராசு காட்டிக்கொடுக்கும். ஒரு கன சென்டிமீட்டர் வெள்ளி 10.5 கிராம், செம்பு சுமார் 9 கிராம். 17.2 கிராம் வெள்ளி நாணயத்தின் கன அளவு 1.64 கன சென்டிமீட்டர். அதே அளவில் உள்ளே முழுக்கச் செம்பாக இருந்தால் எடை 15 கிராமைக்கூட எட்டாது. நீரில் மூழ்கவைத்துக் கன அளவைக் கண்டுபிடிக்கும் முறைக்குப் பெயர்போன ஆர்க்கிமிடிஸ், அரேத்துசாவின் சிராக்கியூஸ்காரர்தான்.

ஏதென்ஸ் சந்தையில் இதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கி.மு. 375இல் இயற்றிய சட்டம் ஒன்று கல்லில் வெட்டப்பட்டு, 1970இல் அகழாய்வில் கிடைத்தது. நாணயச் சோதனை செய்பவர் ஓர் அரசு அடிமை. காசு மாற்றுவோரின் மேசைகளுக்கு நடுவே அவர் அமர வேண்டும். நல்ல வெள்ளியானால் திருப்பிக் கொடுக்க வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அங்கேயே வெட்டிவிட வேண்டும். வெட்டிய நாணயம் தெய்வங்களின் தாய் கோவிலுக்குப் போய்விடும். இன்றைய அருங்காட்சியகங்களில் ஆந்தையின் உடலில் ஆழமான வெட்டுத் தழும்போடு நாணயங்கள் இருக்கின்றன. அவை யாரோ ஒருவர் சந்தேகப்பட்டுச் சோதித்த அடையாளம்.

அரசரின் நாடா

உயிரோடு இருக்கும் மனிதரின் முகத்தை நாணயத்தில் போடுவது கிரேக்க நகரங்களில் வழக்கமில்லை. அலெக்சாண்டருக்குப் பிறகு அவருடைய தளபதிகள் ஆளுக்கொரு நாடாகப் பிரித்துக்கொண்டபோது நிலைமை மாறியது. தெய்வமா, அரசரா என்று பிரித்தறிய அங்கே ஒரு நல்ல குறிப்பு உண்டு. தலையைச் சுற்றி ஒரு துணி நாடா கட்டி, பின்னால் இரண்டு முனைகள் தொங்கினால் அது அரசரின் அடையாளம். டயடம் என்று அதற்குப் பெயர்.

திரேஸ் நாட்டை ஆண்ட லைசிமாக்கஸின் நாணயத்தில் மேல்நோக்கிய பார்வையோடு ஓர் இளைஞன். நாடா இருக்கிறது, ஆகவே அரசர். காதருகே கடாக்கொம்பு சுருண்டிருக்கிறது. சைரீன் நாணயத்தில் பார்த்தோமே, அம்மோனின் கொம்பு! கி.மு. 331இல் எகிப்தின் சீவா பாலைவனச் சோலைக்குச் சென்று அம்மோன் கோவிலில் குறி கேட்டவர் அலெக்சாண்டர். அம்மோனின் மகன் என்று தன்னைக் கருதிக்கொண்டவர். ஆம், இதுதான் உண்மையிலேயே அலெக்சாண்டர். பின்பக்கத்தில் ஏதீனா அமர்ந்திருக்கிறாள். அவள் கையில் நிற்கும் சிறகுள்ள சின்னப் பெண் வெற்றித் தேவதை நைக்கி. நைக்கி நீட்டும் மாலை லைசிமாக்கஸின் பெயர் எழுத்துகளுக்குச் சூட்டப்படுகிறது.

கொம்பு என்றவுடன் அம்மோன் என்று முடிவு செய்யவும் கூடாது. டெமிட்ரியஸ் என்ற மாசிடோனிய அரசரின் தலையில் இருப்பது காளைக்கொம்பு. அவர் நாணயங்களில் மூவேல் ஏந்திய கடல் கடவுள் பொசைடன் வருவார். எகிப்தை ஆண்ட தாலமி தன் சொந்த முகத்தையே போட்டார். முன்னே நீண்ட தாடை, தடித்த புருவம். அழகுபடுத்தவே இல்லை. பின்பக்கத்தில் ஜீயஸின் ஆயுதமான இடியின்மேல் நிற்கும் கழுகு. கிளியோபாட்ரா வரை சுமார் முந்நூறு ஆண்டுகள் அந்தக் குடும்பத்தின் சின்னமாக அந்தக் கழுகு நீடித்தது.

கலப்பை ஏந்தியவர்

1970ஆம் ஆண்டில் வட ஆப்கானிஸ்தானில், ஐ கானூம் என்ற இடத்தில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் ஒரு கிரேக்க நகரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடைத்த வெள்ளி நாணயங்களில் ஆறு, வழக்கமான கிரேக்க நாணயங்களைப்போல வட்டமாக இல்லாமல் செவ்வக வடிவில் இருந்தன. ஒரு பக்கம் கிரேக்கத்தில் 'அரசர் அகத்தோக்ளிஸுடைய' என்று எழுதியிருந்தது. மறுபக்கம் அதே செய்தி பிராமி எழுத்தில். காலம் ஏறத்தாழ கி.மு. 180.

இரண்டு பக்கமும் நிற்கும் ஆண் உருவங்கள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கையைப் பாருங்கள். ஒருவர் கையில் உலக்கையும் கலப்பையும். இன்னொருவர் கையில் சங்கும், ஆரங்கள் உள்ள சக்கரமும். இதற்கு விடை சொல்ல உங்களுக்குக் கிரேக்கக் கதை எதுவும் தேவையில்லை. சங்கு சக்கரம் ஏந்தியவர் வாசுதேவ கிருஷ்ணர். கலப்பை ஏந்தியவர் அவருடைய அண்ணன் பலராமர். ஒரு கிரேக்க அரசர் தன் நாணயத்தில் இவர்களைப் பொறித்திருக்கிறார்! இந்த இரு தெய்வங்களின் மிகப் பழைய உருவங்களில் இவையும் அடங்கும்.

இப்படி இரண்டு மொழியில் எழுதிய இந்தோ-கிரேக்க நாணயங்கள் இன்னொரு பெரிய உதவியும் செய்தன. வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்தை யாருக்கும் படிக்கத் தெரியாதிருந்த காலத்தில், 1830களில் கல்கத்தா நாணயச்சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப் இந்த நாணயங்களை எடுத்துக்கொண்டார். கிரேக்கப் பக்கத்தில் படித்த அரசரின் பெயரை மறுபக்கத்து எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக அடையாளம் காணத் தொடங்கினார்.

தமிழ்நாட்டிலும் கிரேக்க நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்தவற்றைச் சேகரித்து, ஒவ்வொன்றும் எந்த ஊர், எந்த அரசர் என்று ஆராய்ந்து நூலாக வெளியிட்டவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்ககாலத் தமிழ் நாணயங்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

இனி உங்கள் முறை. ஒரு வெள்ளி நாணயம் தருகிறேன். முன்பக்கத்தில் ஓர் இளைஞனின் தலை. தலைமேல் யானையின் தோல், துதிக்கை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, தந்தமும் தெரிகிறது. காதருகே ஒரு கடாக்கொம்பு சுருண்டிருக்கிறது. பின்பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த பெண், ஈட்டியும் கேடயமுமாகப் போருக்குப் பாய்கிறாள். அவள் காலருகே ஒரு கழுகு, இடியின்மேல் நிற்கிறது. 'அலெக்சாந்த்ரூ' என்று எழுதியிருக்கிறது. முன்பக்கத்தில் இருப்பவர் யார்? பின்பக்கத்துப் பெண் யார்? இந்த நாணயத்தை அடித்த அரசர் யார்? யானைத்தோலுக்கு ஒரு துப்பு: கி.மு. 326, ஜீலம் நதிக்கரை, போரஸ் மன்னனின் படை. ஒவ்வொரு விடைக்கும் குறைந்தது இரண்டு சான்று சேர்த்து எழுதி அனுப்புங்கள்.